விலையைக் குறைக்க வந்தவள்

பழைய கார்களுக்கு மதிப்புப் போடுகிறவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. விற்க வருகிறவர்கள் விலையை ஏற்றச் சொல்லித்தான் சண்டை பிடிப்பார்கள். இந்தப் பெண்ணோ, கணவன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டினாள்.

“வாங்கினப்போ பதினஞ்சு லட்சம். ஒன்பது வருஷம் ஓடினதால இவ்வளவு இறங்கிடுச்சு. ஆனா எட்டு பேர் ஏறுற பெரிய வண்டிக்கு எப்பவும் கிராக்கிதான். இன்ஜினும் கல்லு மாதிரி இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு ஆறு லட்சம் தரலாம்மா.”

“ரெண்டுன்னு எழுதுங்கண்ணே. நீங்க சொன்னா அவர் நம்புவார்.”

“புருஷனுக்குத் தெரியாம மிச்சத்தைச் சுருட்டப் பாக்குறீங்களா?”

“சுருட்டி எங்கே கொண்டுபோகப் போறேன்?” தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். அடியில் ஒரு முடிகூட இல்லை.

“என் வைத்தியத்துக்குத்தான் விக்கிறார். இனி பிரயோஜனமில்லைன்னு டாக்டர் சொல்லியும் கேக்க மாட்டேங்கிறார். ஆறு லட்சம்னா வித்துடுவார். ரெண்டுன்னா ஆஸ்பத்திரிக்குப் பத்தாது, விட்டுடுவார். எனக்கப்புறம் அவரும் பொண்ணும் இந்த வண்டியை வாடகைக்கு ஓட்டித்தான் சாப்பிடணும்.”