கண்ணாடியில் தெரியும் கை

அரிசோனா பாலைவனத்தில் வெயில் சாய்கிறது. குளிருக்குத் தப்பி வடக்கிலிருந்து வருகிறவர்களின் முகாமில், சகுவாரோ கள்ளிகளின் நிழல் சரளைமேல் நீண்டு கிடக்கிறது. கிழவர் நார்பெர்ட் தன் ட்ரெய்லர் வீட்டை வழக்கமான இடத்துக்குள் பின்பக்கமாக நுழைக்கிறார். பக்கத்து இடத்துக்காரர் கர்ட்டிஸ் பின்னால் நின்று வழிகாட்டுவது வண்டியின் பக்கக் கண்ணாடியில் தெரிகிறது. போன வருஷம்வரை அங்கே நின்றவள் நார்பெர்ட்டின் மனைவி ஐடெல்லா. மஞ்சள் தொப்பி, ஒரு கையில் காப்பிக் குவளை. அவளுக்குக் கடைசிவரை இடமும் வலமும் பிடிபடவே இல்லை. திருத்திப் பார்த்து அலுத்துப்போய், அவள் காட்டுவதற்கு நேர்மாறாகவே வண்டியை விடப் பழகிக்கொண்டார் அவர். சரியாக நின்றதும் ட்ரெய்லரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாள். அதன் பிறகுதான் அவர்களுக்குக் குளிர்காலம் தொடங்கும். இப்போது கர்ட்டிஸ் இடப்பக்கம் கையை ஆட்டுகிறார். ட்ரெய்லர் சாவகாசமாக வலப்பக்கம் போய்த் தண்ணீர்க் குழாயைச் சாய்க்கிறது.

கர்ட்டிஸ் ஓடிவருகிறார். "யோவ், நான் எந்தப் பக்கம் காட்டுறேன், நீ எந்தப் பக்கம் போற? இத்தன வருஷம் எப்படிய்யா ஓட்டின?"

நார்பெர்ட் எஞ்சினை அணைக்கிறார். பீய்ச்சியடிக்கும் தண்ணீரைச் சரளை சத்தமில்லாமல் குடிக்கிறது. நனைந்த மண்ணின் வாசம் ஜன்னல்வரை வருகிறது. அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ சரியாத்தான்யா காட்டின. ஐடெல்லா இருந்தா தப்பாக் காட்டியிருப்பா. நேரா உள்ள விட்டிருப்பேன்."