குலுக்கலில் விழுந்த தலைப்பு

ஒரே கேள்வியை இரண்டு பேர் ஆராய்வது சட்டப்படி குற்றமாகிவிட்ட காலம் அது. அறிவியல், நிதி, இலக்கியம் என்று எல்லாத் துறையும் ஒன்றுவிடாமல் செழிக்க வேண்டுமாம். படித்து முடித்தவர்களுக்குக் குலுக்கலில் ஆளுக்கொரு தலைப்பு விழும். ஆயுள் முழுக்க அதைத்தான் ஆராய வேண்டும். கட்டிய மனைவியிடம்கூட வாய் திறக்கக் கூடாது.

மகளுக்கு வந்திருக்கும் இரத்த நோயின் பெயரை டாக்டர் சொன்னதும் திருமாறனுக்குக் காது அடைத்துக்கொண்டது. குழந்தை அவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மருந்தே இல்லையா டாக்டர்?" என்றாள் அவன் மனைவி குமுதவல்லி.

"இதுவரைக்கும் இல்லைம்மா. நான் தேடலாம்னா சட்டம் விடாது. எனக்கு விழுந்தது பங்குச்சந்தை." டாக்டர் திரையைத் தட்டிப் பார்த்தார். "ஆனா இந்த நோய் யாருக்கோ விழுந்திருக்கு. பேரைக் காட்டாது. வருஷம் தவறாம அறிக்கை அனுப்புறார். 'ஆய்வு நல்லபடியாக முன்னேறுகிறது'ன்னு எழுதியிருக்கார். நம்பிக்கையா இருங்க."

திருமாறன் சங்க இலக்கியம் படித்தவன். குலுக்கலில் தனக்கு விழுந்தது என்ன நோய் என்று ஒருநாளும் அவன் தேடிக்கூடப் பார்த்ததில்லை. பழைய அறிக்கையில் ஆண்டை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டு உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தான்.

குமுதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கையைப் பற்றினாள். அவள் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்திருந்தது.

"அவர் எந்த ஊர்ல இருந்தாலும் போயிடலாங்க. கால்ல விழுந்தாவது கேட்டுடலாம்."

திருமாறன் தன் கால்களை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.