சைபர் சங்கரன்

மெஹபூப் அலியின் கையில் கட்டியிருந்த தாயத்தைச் சங்கரனே கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார். உள்ளிருந்து சுருட்டிய சின்னத் தாள் ஒன்று விழுந்தது. அதில் அரபி எழுத்துகள்.

"பார்த்தேளா சார்? நான் சொன்னேனோல்லியோ! இதான் இவனோட ரகசிய பாஷை."

"அல்லா பேரு சார் அது. ஜுரம் வந்தப்போ எங்கம்மா பள்ளிவாசல்ல ஓதி வாங்கியாந்து கட்டிச்சு," என்றான் மெஹபூப் அலி. வாசலில் போலீஸ் வண்டி காத்திருந்தது. யுத்த காலம், துரோகி என்று முடிவானால் தூக்குதான்.

விசாரிக்க டெல்லியிலிருந்து மேஜர் தேவசகாயம் வந்திருந்தார். அடையாறு பங்களா ஒன்றில் இயங்கிய அந்த ராணுவ அலுவலகத்திலிருந்துதான் கப்பல்கள் கிளம்பும் செய்தி சங்கேதத்தில் போகும். கொஞ்ச நாளாகக் கப்பல் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் ஜப்பான்காரனுக்குத் தெரிந்துவிடுகிறது.

செய்தியைச் சங்கேதமாக்குவது சைபர் மெஷின் என்ற ஒரு சக்கரப் பெட்டி. ஓர் எழுத்தை அழுத்தினால் உள்ளே சக்கரங்கள் உருண்டு வேறோர் எழுத்தை அச்சடிக்கும். அதை இயக்குபவர் சங்கரன். அச்சான தாளை வயர்லெஸ் அறைக்குக் கொண்டுபோகும் பியூன் மெஹபூப் அலி.

மயிலாப்பூரிலிருந்து வரும் சங்கரனுக்குத் தன்னைத் தவிர உலகத்தில் எல்லாரும் முட்டாள்கள். காலையில் மெஷினுக்குச் சந்தனம் வைத்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவார். மூக்குப்பொடிக்குச் சீட்டு எழுதினாலும் முறையாகத்தான் ஆரம்பிப்பார். அந்தச் சீட்டைப் பியூன் அவர் கையிலிருந்து வாங்கக் கூடாது, மேஜை ஓரத்திலிருந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

ஆபீசில் அவர் முதுகுக்குப் பின்னால் 'சைபர் சங்கரன்' என்பார்கள். சைபர் மெஷினை ஓட்டுகிறார் என்பதற்காக மட்டும் வைத்த பெயர் இல்லை.

"மெஷின்ல வேற யாராவது கை வெக்கறது உண்டா?" என்று கேட்டார் மேஜர்.

"நன்னா கேட்டேள்! நான் லீவு போட்டா மெஷினுக்கும் லீவு. ஒரு ஈ, காக்கா கிட்ட வராது. தாளை எடுத்துண்டு போறவன் இவன், வித்தவனும் இவன்தான். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியலையா?"

"இங்கிலீஷ்ல எம் பேரே எழுத வராது சார். நான் இன்னாத்த விக்கறது? ஊட்ல கொழந்தைங்க கீது சார்." மெஹபூப் அலி கையெடுத்துக் கும்பிட்டான்.

"நிறுத்துடா உன் ஒப்பாரியை!"

மேஜர் கையமர்த்தினார். "தாள் எதுவும் வெளியே போகலை, மிஸ்டர் சங்கரன். வயர்லெஸ்ல போனதை ஒட்டுக் கேட்டே எதிரி படிச்சிருக்கான். நம்ம ஆளுங்களும் அதே மாதிரி ஒட்டுக் கேட்டுப் பார்த்தாங்க. ஒரே வாரத்துல மொத்தமும் விளங்கிடுச்சு."

"அதெப்படி சார்? உலக மகா மெஷினாச்சே!"

"மெஷின் நல்ல மெஷின்தான். ஆனா இங்கேருந்து போன எல்லாச் செய்தியும் ஒரே எழுத்துல ஆரம்பிக்குது. அந்த நுனி கிடைச்சா போதும், சக்கரம் எப்படிச் சுத்துதுன்னு கண்டுபிடிச்சிடலாம்."

"அடப்பாவி! எதிரிக்கு அடையாளமா காட்டினான்? யாரா இருந்தாலும் தூக்குல போடணும் சார்!" சங்கரன் துள்ளிக் குதித்தார். "என்ன எழுத்து அது?"

"இங்கிலீஷ் யூ. எழுதிக் கொடுத்த செய்தியில அது இல்லை. ஒவ்வொரு தடவையும் முதல்ல யூவைத் தட்டிட்டுதான் யாரோ செய்தியை ஆரம்பிச்சிருக்காங்க."

சங்கரன் அப்போதாவது வெட்கப்பட்டிருக்கலாம். அந்த மனுஷனுக்குக் கோபம்தான் வந்தது.

"இங்கிலீஷ் மெஷின்ல 'உ' கிடையாதே சார்! பிள்ளையார் சுழி போடாம நான் எப்படி ஆரம்பிக்கறது?"