ரோவீனாவின் முகவரி

கை நடுங்கக் கூடாது. நடுங்கினால் என்ன ஏது என்று கேட்பார்கள். கேட்டால் அழுகை வந்துவிடும். ஒரு பெயர், ஒரு பிறந்த தேதி, ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். பனி மூடிய வாகன நிறுத்தத்தில் கர்ட் காத்திருந்த பிக்கப் வண்டி புகை விட்டபடி நின்றது. அவள் இறங்கும்போது அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்து, "மணியே பாக்க மாட்டேன், நீ மெதுவா முடிச்சிட்டு வா" என்றிருந்தான்.

அது அவனுக்கு ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையிலும் அப்படித்தான் கழற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவளையே வெகுநேரம் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே எடுத்துக் கட்டிக்கொண்டான். எதற்கென்று தெரியாமலே அவளும் சிரித்தாள்.

"அடுத்தது யாரு? வாங்க கண்ணு."

மாவட்டக் குடும்ப நீதிமன்றத்தின் பதிவுப் பிரிவில் வெர்னா என்ற பெண்மணி உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். ஓரம் தேய்ந்த ஓட்டுநர் உரிமத்தை வாங்கி, படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"படத்துல முடி தோளைத் தாண்டிப் போகுதே?"

"வெட்டிட்டேன்."

"நானும் விவாகரத்து ஆன அன்னிக்குத்தான் வெட்டினேன். அந்த ஆளும் முடியும் ஒரே நாள்ல ஒழிஞ்சுது." வெர்னா தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டாள். "ரோவீனா ஸ்டாட்லர். சொல்லுங்க, என்ன வேணும்?"

"கோர்ட்டுலேர்ந்து எனக்குக் கடுதாசி எதுவும் வர்றதில்ல. உங்ககிட்ட என்ன முகவரி இருக்குன்னு பாக்கணும்." ஒப்பிப்பதுபோல்தான் இருந்தது. ஆனாலும் குரல் உடையவில்லை.

வெர்னா கணினியில் தட்டினாள். "ஸ்டாட்லர், ஸ்டாட்லர். கேஸ்ல ரெண்டு பக்கமும் ஒரே பேரு. வீட்டுல ஒட்டாததெல்லாம் இங்க வந்துதான் ஒட்டிக்கும்." சொல்லிக்கொண்டே வந்தவள் திரையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க முகவரி பொதுக் கோப்புல இல்லம்மா. சீல் வெச்ச கவர்ல உள்ள பூட்டி இருக்கு. உங்க புருஷனா இருந்த ஆளு கண்ணுலயே அது படக்கூடாதுன்னு ஜட்ஜ் உத்தரவு. உங்களத் தவிர யார் வந்து நின்னாலும் குடுக்க மாட்டோம்."

"சரிங்க."

"பசங்க நல்லா இருக்காங்களா?"

"வளந்துட்டாங்க."

"தனியாவா வந்தீங்க?"

"இல்ல. தெரிஞ்சவர் ஒருத்தர். கீழ வண்டில இருக்கார்."

"இந்தத் தடவையாவது நல்ல ஆளாப் பாத்தீங்களா?"

"பொறுமையானவர்."

"அப்போ விட்டுடாதீங்க. பொறுமையான ஆம்பளைய நான் இன்னும் கண்ணால பாத்ததில்ல." கோப்பை அவள் முன்னால் வைத்தாள் வெர்னா. "சும்மா பாத்துட்டிருங்க, நான் போய்க் கவர எடுத்துட்டு வர்றேன்."

படிக்க வேண்டாம் என்றுதான் கர்ட் சொல்லியிருந்தான். கவர் போதும், மத்த குப்பையெல்லாம் படிச்சு மனசக் கெடுத்துக்காத என்றிருந்தான். அவள் அட்டையைத் தொடாமல்தான் நின்றாள். பிறகு விரல் தானாகவே அதைத் திறந்தது.

'நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்' என்று அச்சிட்ட வரிக்குக் கீழே, நீல மையில் ஒரு பக்கமாகச் சாய்ந்த கையெழுத்து.

'அவர் கத்த மாட்டார். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். பிள்ளைகளுக்கு அது தெரியும். கடிகாரம் மேசைக்கு வந்துவிட்டால் இரண்டு பேரும் சத்தம் போடாமல் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார்கள். எங்கே போனாலும் கண்டுபிடித்துக் கொல்லுவேன் என்று சொல்லியிருக்கிறார். சொன்னதைச் செய்யாமல் விட்டவர் இல்லை.'

அவள் இரண்டாம் முறை படித்தாள். எழுத்துகள் கலங்கின. கீழே இன்னும் வண்டி நிற்கிறதா என்று பார்க்கத் துணிவில்லாமல், ஜன்னலைவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றாள்.

கோட்டுப் பையில் கைபேசி அதிர்ந்து நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை.

வெர்னா பழுப்பு நிற உறையோடு வந்தாள். "அய்யோ, அழுதுட்டீங்களே. எல்லாம் முடிஞ்சு போன கதை கண்ணு. அவன் இனிமே உங்கள என்ன பண்ண முடியும்? இந்தாங்க, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்க எதிர்லயே பிரிச்சுடலாம்."

பேனாவைக் கையில் வாங்கினாள். வீட்டில் இரண்டு நாளாக எழுதி எழுதிப் பார்த்த கையெழுத்துதான். விரலுக்கு அது பழகியிருந்தது. உறையின் சிவப்பு முத்திரையைப் பார்த்தாள். அதற்குள் எங்கோ ஒரு தெரு இருந்தது, ஒரு கதவு இருந்தது, இரண்டு கட்டில்கள் இருந்தன.

பேனாவை வைத்தாள். உறையை ஒரே விரலால் வெர்னாவின் பக்கமே நகர்த்தினாள்.

"இத உள்ள வெச்சுப் பூட்டிடுங்க."

"ஏம்மா? உங்க கவர்தானே?"

அவள் உரிமத்தையும் எடுத்து உறையின் மேல் வைத்தாள்.

"நான் ரோவீனா இல்லீங்க."