பம்பரில் முட்டும் குழாய்

அட்டன் நகரக் கராஜின் தகரக் கூரையில் தூறல் விழுகிறது. லொறி இடித்து மண்மேட்டில் தள்ளிய பழைய காருக்குப் புதுப் பம்பர் போட்டாயிற்று. ஆனால் இரட்டைச் சைலன்சர் குழாய்களில் ஒன்று மேலேறி நின்று, பள்ளம் வந்தாலே பம்பரில் முட்டுகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் பிலோமினா டீச்சர் நடுவழியில் இறங்கிவிடுகிறாள். இடித்த அன்று கணவருக்குப் பக்கத்தில் இருந்தவள் அவள்; அவர் போய்விட்டார், அவள் இருக்கிறாள். “குழாய் வாலை மட்டும் நெளிச்சா நிக்காதுங்க டீச்சர், எஞ்சின் பக்கத்திலேர்ந்தே தளத்தி வரணும்,” என்கிறான் காருக்கு அடியில் கிடக்கும் மெக்கானிக் யோகராசா. “சீக்கிரம் தளத்துங்க பாஸ். அண்ணியோட நடந்து நடந்து என் சப்பாத்து தேஞ்சிருச்சு,” என்கிறான் கொழுந்தன் ரொஷான். பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. யோகராசா புது ரப்பர் வளையங்களை மாட்டி, குழாய்க்கும் பம்பருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்து நட்டுகளை முறுக்குகிறான். குழாய்களின் இரண்டு வாய்களும் ஒரே மட்டத்தில் ஈரமாக மினுங்குகின்றன. அவளை முன்னால் உட்காரவைத்து, ரொஷான் வாசல் பள்ளத்தில் காரை இறக்கி ஏற்றுகிறான். எஞ்சினின் முனகலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. “இன்னொருக்கா போங்க தம்பி,” என்கிறாள். அவன் இறக்குகிறான், ஏற்றுகிறான். கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த அவள் விரல்கள் மெல்ல நழுவுகின்றன. “வீட்டுக்குப் போவமா அண்ணி?” என்று திரும்புகிறான் ரொஷான். பிலோமினா தூங்கிவிட்டிருக்கிறாள்.