விட்டுக்கொடுத்தல் என்றொரு பாடம்

எல்லாத் துறை மாணவர்களும் படிக்க வேண்டிய பொதுப் பாடங்களைப் பரிசீலிக்கும் பொறுப்பு இயற்பியல் பேராசிரியை மங்கையர்க்கரசியிடம் இருந்தது. ‘விட்டுக்கொடுத்தல்’ என்ற புதுப் பாடத்தை நிராகரிப்பதென்று அவள் முடிவே கட்டிவிட்டாள். புத்தகம் வேண்டாம்; கருவி பொருத்திய நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினால் போதும், பாடம் நேரே மனதில் இறங்கிவிடும். பிள்ளைகளின் மனதில் கைவைக்க யாருக்கும் உரிமையில்லை என்பது அவள் கட்சி. ஆனால் பரிசீலிப்பவரும் ஒருமுறை படித்தாக வேண்டும் என்பது விதி. படித்தாள்.

மாலையில் வீடு திரும்பியதும் கணவர் செல்வமணி கேட்டார்: “வேண்டாம்னு எழுதிட்டியா?”

“இன்னும் இல்லங்க. வர்ற வழியில அக்காகிட்ட பேசினேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாக்கான்னு சொல்லிட்டேன்.”

அவர் காபியைக் கீழே வைத்தார். “அம்மா செத்ததையே உனக்குச் சொல்லாம அடக்கத்தை முடிச்ச அக்காவையா?”

“ஆமா. எல்லாம் ஞாபகம் இருக்கு. கோபத்தைத்தான் காணோம்.”

“அப்போ நல்ல பாடம்தானே?”

“எப்படிங்க? நானா விட்டிருக்கணும்ல? என்னைக் கேக்காம எடுத்துட்டாங்களே.”

“சரி, அதுக்காவது கோபம் வருதா?”

மங்கையர்க்கரசி மனதின் மூலைமுடுக்கெல்லாம் துழாவிப் பார்த்தாள். வரவில்லை. காலையில் அத்தனை உறுதியாக இருந்த காரணங்கள் இப்போது வெறும் வார்த்தைகளாக மிஞ்சியிருந்தன.

“நாளைக்குப் பதில் சொல்லணும். எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க கொஞ்சம் கோபப்படுங்களேன். அதைப் பார்த்தாவது வேண்டாம்னு எழுதுறேன்.”

செல்வமணிக்கு நிஜமாகவே கோபம் வந்தது. “உன் மனசை இன்னொருத்தன் மாத்தியிருக்கான், உனக்கு உறைக்கலையா?” என்று கத்தினார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவரை மன்னிக்கத்தான் தோன்றியது.