கடைசி வளைவு

“எம்பார், வாணத்தை வெளியில நட்டு வெச்சுடவா? இன்னும் மூணே சுத்துதான்,” என்றார் நெலோ ரசிகர் மன்றத் தலைவர் பதிஸ்த்.

“பொறு. போன வருஷமும் இப்படித்தான் அவசரப்பட்டே,” என்றாள் எம்பார், காபிக்கடை டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போன வருடம் மட்டுமா? மூன்று வருடங்களாக இதே கதைதான். வருடத்தின் கடைசி பைக் பந்தயம் வலென்சியாவில் நடக்கும். ஜெயித்தால் உலகச் சாம்பியன் என்ற நிலையில், எம்பாரின் மகன் நெலோ கடைசி வளைவில் கோட்டைவிடுவான்.

அதற்காக ஊர் அவனை வெறுத்ததா என்றால், அதுதான் இல்லை. தோற்கத் தோற்க அவன்மேல் பிரியம் கூடியது. அவனுடைய 61-ஆம் எண் போடாத தொப்பி ஸ்பெயினில் விலைபோகவில்லை. உள்ளூர் ரொட்டிக்கடையில் ரொட்டியின் மேலேயே 61 என்று கீறிச் சுட்டார்கள்.

“உன் பையன் ரெண்டாவது இடத்தைப் பட்டா போட்டு வாங்கிட்டான்,” என்றார் காபிக்கடைக்காரர்.

எம்பார் சிரிக்கவில்லை. காலையிலேயே மாதா கோயிலுக்குப் போய், பீடத்தில் ஒரு ஹெல்மெட் வைக்கிற அளவுக்கு இடம் ஒதுக்கித் துடைத்துவிட்டு வந்திருந்தாள். பட்டம் வென்றவன் ஹெல்மெட்டை மாதாவுக்குக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம்.

“மகன் ஜெயிக்கணும்னு இப்படித் தவம் கிடக்கிற தாயை நான் பார்த்ததில்லப்பா,” என்றார் பதிஸ்த்.

“இன்னிக்காவது முடியட்டும் மாதாவே,” என்று அவள் முணுமுணுத்தாள்.

கடைசிச் சுற்று. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். சத்தமில்லாத திரையில், முழங்கை தரையை உரசச் சாய்ந்து, தூக்கத்தில் மிதப்பவன்போல நெலோ முதலாவதாக வந்தான். ஜன்னல் வழியே வெயில் மஞ்சளாக விழுந்தது. ஒரு கணம் அவன் ஏழு வயதுப் பையனாகி, ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே குட்டி பைக்கில் சுற்றினான். கூப்பிட்டால் சாப்பிட வந்துவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது.

கடைசி வளைவு. நெலோவின் பைக் லேசாக வெளியே விலகியது. பின்னால் வந்த நீல பைக் அந்த இடைவெளியில் நுழைந்து முந்தியது.

வாணம் மறுபடி பெட்டிக்குள் போனது. பதிஸ்த் சின்னக் குழந்தை மாதிரி அழுதார்.

சாயங்காலம் நெலோ வீட்டுக்கு வந்தான். தெருவே அவனைக் கட்டிப்பிடித்து அழுதது, அவன் பெயரைச் சொல்லிப் பாடியது. ஒருவழியாக உள்ளே வந்தவன், ஹெல்மெட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, அடுப்பில் வெந்த சோற்றை ருசித்துச் சாப்பிட்டான்.

எம்பார் அந்த ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“விழுந்து எலும்பு உடைஞ்சு உடம்புல பதினோரு ஆணி இருக்குடா உனக்கு. ஒவ்வொரு ரேஸுக்கும் நான் செத்துச் செத்துப் பொழைக்கிறேன். சாம்பியன் ஆன அன்னிக்கே இதை மாதாகிட்ட வெச்சுட்டு, அப்புறம் பைக்கையே தொட மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தே. அந்த நாள் வரவே வராதா?”

நெலோ தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“சத்தியத்தை மீறவும் மனசு வரல, பைக்கை விடவும் மனசு வரலம்மா. அதனாலதான் நாலு வருஷமா அந்த வளைவுல வழி விட்டுடறேன்.”